ராஜா தீன் தயாளும் நமது ஊரும்

ஆண்டு விழா இனிது நிறைவேறி, பரிசுகள் வழங்கப்பெற்று, நன்றியுரையும் கூறி முடித்த பின்னர், நமது சங்கத்தார் அனைவரும் மேடைப் படிகளில் கூடி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது பல்லாண்டு வழக்கம். தலைவரும் செயற்குழுவினரும் முன்னே நாற்காலிகளில் அமர்வர். நாடகத்தில் வேடமிட்ட குழந்தைகள் அவர்கள் காலடியில் ஜமக்காளத்தின்மீது சம்மணமிட்டிருப்பர். தாய்மார்கள் ஒருபுறமும் என்னைப் போன்றோர் மறுபுறமுமாக நிற்போம். பந்தியில் பரிமாறிய இளைஞர்கள் கையைத் துடைத்துக்கொண்டு கடைசியாக ஓடிவந்து பின்வரிசையில் எட்டிப் பார்ப்பர். மறு ஆண்டு மலரில் அந்தப் படம் வெளிவரும்போது, அமர்ந்திருப்போர் பெயர்கள் இடமிருந்து வலமாக அச்சிடப்பெற்றிருக்கும். நிற்போருக்கு "மற்றும் சங்க உறுப்பினர்கள்" என்ற ஒரே தொடர். சென்ற ஆண்டு மலரைப் புரட்டிக்கொண்டிருந்த என் இளைய மகள், "அப்பா, உங்கள் முகம் இருக்கிறது, பெயர் இல்லையே?" என்று கேட்டாள். இடம் போதவில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அந்த மலருக்கு மெய்ப்புத் திருத்தியவர்களுள் நானும் ஒருவன்.

குழந்தை கேட்ட கேள்வி மனத்தை விட்டு அகலாதிருந்த நாட்களில், விடுமுறையன்று குடும்பத்தோடு ஐதராபாத்திலுள்ள சௌமஹல்லா அரண்மனைக்குச் சென்றிருந்தேன். அங்கே சுவர்களில் மாட்டப்பெற்றிருந்த பழைய நிழற்படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. நிஜாம்கள், பிரபுக்கள், வெள்ளைக்காரத் துரைகள், வேட்டையில் வீழ்ந்த புலிகள், இவர்களுக்குப் பின்னால் கைகட்டி நிற்கும் எண்ணற்ற மனிதர்கள். அவ்வகைப் படங்களை எடுத்தோருள் தலைசிறந்தவர் நமது செகந்தராபாத்திலேயே நிலையம் வைத்துத் தொழில் நடத்திய ராஜா தீன் தயாள் என்பதை அதன் பின்னர்த்தான் விரிவாகப் படித்தறிந்தேன். நான் சரித்திரம் கற்றவனல்லன். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். படித்தவற்றுள் நம்மவர்க்குச் சுவையாக இருக்கும் என்று தோன்றியவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

தீன் தயாள் 1844-ஆம் ஆண்டு மீரட் நகருக்கு அண்மையிலுள்ள சர்தானா என்ற ஊரில், நகை வணிகம் செய்த சமணக் குடும்பமொன்றில் பிறந்தார். ரூர்க்கியிலுள்ள தாமசன் பொறியியற் கல்லூரியில் பயின்று, 1866-இல் இந்தூர் நகரில் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். அவர் வகித்த பதவி தலைமை மதிப்பீட்டாளர், வரைபடக்காரர் என்பது. அதாவது, ஒரு பாலத்துக்கு எத்தனை கன அடி கல் வேண்டும், ஒரு மாளிகையின் கூரைக்கு எத்தனை உத்திரம் வேண்டும் என்று கணக்கிட்டு ஏட்டில் எழுதுவதும், கட்டிடங்களை அளவு பிசகாமல் தாளில் வரைவதுமே அவருடைய அன்றாட அலுவல். காகிதமும் மையும் பென்சிலுமாகக் காலத்தைக் கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சியைத் தருமன்றோ?

அவர் காமிராவைக் கையில் எடுத்தது 1874-ஆம் ஆண்டு. அப்போது வயது முப்பது. அதே 1874-இல்தான் வாடியிலிருந்து செகந்தராபாத்துக்கு முதன்முதலாக ரயில் ஓடிற்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்பது எனக்கும் தெரியும். ஆயினும் நமது நிலையமும் அவருடைய கலையும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்பதை ஒரு ரயில்வேக்காரன் குறிப்பிடாமல் விடுதல் இயலாது.

இந்தூர் மன்னர் இரண்டாம் துக்கோஜி ராவ் ஹோல்கரும், மத்திய இந்தியாவில் கவர்னர் ஜெனரலின் பிரதிநிதியாக இருந்த சர் ஹென்றி டேலியும் அவரை ஊக்குவித்தனர். 1875-76-இல் இங்கிலாந்து இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது அவரையும் படமெடுத்தார். 1882-இல் சர் லெபல் கிரிஃபின் என்ற அதிகாரியுடன் பந்தேல்கண்ட் பகுதியெங்கும் சுற்றிக் கோட்டைகளையும் கோயில்களையும் எடுத்த படங்கள் 1886-இல் பெரிய நூலாக வெளிவந்தன. 1885-இல் வைசிராய் டஃபரின் பிரபுவின் நிழற்படக்காரர் ஆனார். பின்பு அரசாங்க அலுவலை விட்டு நீங்கி, ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலிகானின் அரசவை நிழற்படக்காரராகி, செகந்தராபாத்தில் நிலையம் அமைத்தார். ஓய்வூதியம் வரும் உத்தியோகத்தை உதறிவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்க எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை நமது காலனியில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1894-இல் நிஜாம் அவருக்கு "ராஜா முசவ்விர் ஜங் பகதூர்" என்ற பட்டத்தை அளித்தார். முசவ்விர் என்றால் உருவம் தீட்டுபவன். ஜங் என்றால் போர். கையில் வாளின்றிக் காமிராவோடு திரிந்தவருக்குப் போர்ப் பட்டம்! 1896-இல் பம்பாயிலும் ஒரு நிலையம் திறந்தார். 1905-இல் காலமானார்.

வாழ்க்கை வரலாறு இவ்வளவு போதும். இனிப் படங்களுக்கு வருவோம்.

இன்று செல்போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தட்டினால் படம் விழுகிறது. தீன் தயாள் தொழில் தொடங்கிய நாளில் படமெடுப்பது ஒரு சிறு கல்யாணச் சமையலுக்கு ஒப்பான ஏற்பாடு. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்ற பிசின் போன்ற திரவத்தை ஊற்றி, தகட்டை நாற்புறமும் சாய்த்துச் சாய்த்துச் சீராகப் பரப்ப வேண்டும். பிறகு அதனை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்தி எடுத்து, ஈரம் உலருமுன்பே காமிராவில் பொருத்தி ஒளி காட்டி, உடனே இருட்டறைக்குள் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். ஈரம் உலர்ந்தால் படம் போயிற்று. ஆகவே காட்டிலாயினும் மேட்டிலாயினும் நிழற்படக்காரர் செல்லுமிடமெல்லாம் ஓர் இருட்டுக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், புட்டிகள், தொட்டிகள், தண்ணீர், இவற்றைச் சுமக்க ஆட்கள், வண்டிகள் ஆகிய யாவும் உடன் செல்லவேண்டும். நமது நாட்டு வெயிலில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்?

1880-ஐ ஒட்டி உலர்தகடுகள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. ஆலையிலேயே மருந்து பூசி உலர்த்திப் பெட்டியில் அடைத்து அனுப்பப்பெற்றவை இவை. எடுத்த படத்தை அன்றே கழுவ வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. ஒளி காட்ட வேண்டிய நேரமும் மிகக் குறைந்தது. குதிரை ஓடும்போது எடுக்கலாம். அணிவகுப்பு நடக்கும்போது எடுக்கலாம். தீன் தயாளின் புகழ் வளர்ந்ததும் இந்த உலர்தகடு பரவியதும் ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தவை.

அந்நாளில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் அருமை. தகட்டின் அளவே படத்தின் அளவு. பெரிய படம் வேண்டுமானால் பெரிய கண்ணாடி, அதற்கேற்ற பெரிய காமிரா. அச்சிடும் தாளுக்கு முட்டையின் வெண்கருவைப் பூசி, வெள்ளி உப்பேற்றி, கண்ணாடித் தகட்டோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைப்பர். சூரியனே அச்சுத்தொழிலாளி. சமணக் குடியில் பிறந்தவர் தம் வாழ்நாளெல்லாம் வெண்கருத் தாளோடு காலங்கழித்தார் என்பதை நினைத்தால் சிறிது வியப்பாகவே இருக்கிறது. தொழில் தர்மம் என்று அமைதி கொள்ள வேண்டியதுதான்.

கட்டிடங்களை அவர் எடுத்த முறையில் பழைய மதிப்பீட்டாளரின் கண் நன்கு தெரிகிறது. உயர்ந்த கட்டிடத்தின் முன் நின்று காமிராவை அண்ணாந்து பிடித்தால், தூண்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து தோன்றும்; நாம் செல்போனில் எடுக்கும் கோபுரங்களெல்லாம் அப்படித்தான் சாய்கின்றன. அக்காலத்துப் பெரிய காமிராக்களில் காமிராவைச் சாய்க்காமல் லென்ஸ் பொருத்திய பலகையை மட்டும் மேலே உயர்த்தும் வசதி உண்டு. அதனைக் கருத்தோடு கையாண்டால் சுவர் தூக்குக்குண்டு பிடித்தாற்போல நேரே நிற்கும். தீன் தயாளின் மாளிகைப் படங்களில் சுவர்கள் அப்படி நேரே நிற்கின்றன. கல்லின் அடுக்கை எண்ணிவிடலாம் போலிருக்கிறது. அழகுக்காக மூலையில் ஒரு மரக்கிளையைத் தொங்கவிடும் வெள்ளைக்காரர் பாணி அவரிடம் குறைவு. கட்டிடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

பழைய சார்மினார் படம் எதையேனும் காண நேர்ந்தால் அன்பர்கள் முதலில் கடிகாரத்தைத் தேடிப் பார்க்க வேண்டுகிறேன். சார்மினார் 1591-இல் எழுந்ததாயினும், அதன் நான்கு முகங்களிலும் கடிகாரங்கள் வைக்கப்பெற்றது 1889-இல்தான். கடிகாரம் இல்லையேல் படம் அதற்கு முந்தியது. இப்படி ஒரு சிறு அடையாளத்தைக் கொண்டு காலம் கணிக்கும் இன்பத்தை, சரக்குச் சீட்டில் முத்திரை மங்கியிருக்கும்போது நாள் கண்டுபிடிக்கும் குமாஸ்தாக்கள் நன்கு அறிவர்.

அவர் காலத்துக்குப் பின் இந்நகரம் பெரிதும் மாறிவிட்டது. 1908 செப்டம்பர் 28-இல் மூசி ஆறு பெருக்கெடுத்துக் கரையோர வீடுகளையும் பாலங்களையும் பல்லாயிரம் உயிர்களையும் வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு விசுவேசுவரய்யா அழைக்கப்பெற்று, உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்னும் ஏரிகள் எழுந்ததும், ஆற்றங்கரை புதிதாக வகுக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. வெள்ளத்துக்குத் தப்பியவை மனிதர் கையால் வீழ்ந்தன. பஷீர்பாக் என்று இன்று பேருந்து நடத்துனர் கூவும் இடத்தில் உண்மையாகவே பஷீர்பாக் என்றொரு அரண்மனை இருந்தது. அரண்மனை போய்விட்டது, நிறுத்தத்தின் பெயரும் படங்களுமே எஞ்சியுள்ளன. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நமது செகந்தராபாத் நிலையத்தின் பழைய முகப்பை இடிக்கத் தொடங்கியபோது, அலுவல் முடிந்து வீடு திரும்பும் வழியில் நாமெல்லாம் நின்று செல்போனில் படம் எடுத்தோமே, நினைவிருக்கிறதா? நான் எடுத்தது பதினேழு படம். ஒன்றிலாவது சுவர் நேராக நிற்கவில்லை.

இனி இராணுவப் படங்கள். இந்தியாவில் போரைப் படமெடுத்தவர்கள் தீன் தயாளுக்கு முன்னரே உண்டு. 1858-இல் ஃபெலீஸ் பியாட்டோ என்பவர் லக்னோவுக்குச் சென்று, இடிந்த சிக்கந்தர்பாக் மாளிகையையும் அதன் முற்றத்தில் சிதறிக் கிடந்த எலும்புகளையும் எடுத்த படம் உலகறிந்தது. அதே 1858-இல் சென்னைப் படையில் கேப்டனாக இருந்த லினியஸ் டிரைப் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களைச் சுற்றிவந்து 21 தகடுகளில் எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஒட்டிய அரும்பணி அவருடையது. நமது நாட்டுக் கோயில்களை முதலில் முறையாகப் பிடித்த கையும் படைவீரர் கைதான் என்பது எண்ணத்தக்கது.

தீன் தயாள் காலத்தில் இங்கே போர் இல்லை; போர்ப் பயிற்சி இருந்தது. 1885-86 குளிர்காலத்தில் டெல்லியை ஒட்டிய வெளியில் நடந்த பெரும் படைப் பயிற்சியை அவர் படமெடுத்தார். செகந்தராபாத்திலோ அவருக்கு வேலை வாயிலிலேயே கிடைத்தது. 1806-இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த இந்நகரம் பிறவியிலேயே ஒரு படைவீடு. திருமலகிரி, பொலாரம் என்று நீண்டு கிடந்த கண்டோன்மெண்ட்டில் ஆங்கிலப் படையும், நகரத்துக்குள் நிஜாமின் சொந்தப் படையும் இருந்தன. நிஜாமின் படையில் அராபியர் இருந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் குதிரைப்படையும் இருந்தது. ஏ.சி. கார்ட்ஸ் என்று இன்று நாம் சொல்லும் பேட்டை, ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர் குடியிருந்த இடமே.

அந்நாளையப் படைப் படங்களைப் பார்த்தால், அவை போரைப் பற்றியவை என்பதைவிட ஒரு பெரிய குடித்தனத்தைப் பற்றியவை என்றே சொல்லத் தோன்றும். வரிசை வரிசையாகக் கூடாரங்கள். பீரங்கியை இழுக்கும் யானைகளும் காளைகளும். தோல்பையில் தண்ணீர் சுமக்கும் பிஸ்திகள். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி நிற்கும் குதிரைக்காரர்கள். அதிகாரிகள் கூடாரத்தின்முன் காலை நீட்டிச் சாய்ந்திருக்க, ஏவலாளர் சற்று விலகித் தரையில் இருப்பர். ஒளி காட்டி முடியும்வரை அசையக் கூடாது. ஆனால் குதிரைக்கு யார் சொல்வது? அதன் தலை இரண்டாகத் தெரியும். குதிரைக்காரரோ கல்லாய்ச் சமைந்திருப்பார். இதைக் காணும்போதெல்லாம் சிரிப்பும் வரும். சிறிது வருத்தமும் வரும்.

நம்மவர்க்கு மிக நெருக்கமான செய்தி இனிமேல்தான். 1798, 1800-ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின்படி நிஜாமின் நாட்டில் நிறுத்தப்பட்ட ஆங்கிலத் துணைப்படை சென்னைப் படையைச் சேர்ந்தது. வங்காளம், பம்பாய், சென்னை என்று தனித்தனியாக இருந்த மாகாணப் படைகள் 1895-இல்தான் ஒன்றாக்கப்பட்டன. ஆகவே தீன் தயாள் செகந்தராபாத்துக்கு வந்த முதற் பத்தாண்டுகளில், கண்டோன்மெண்ட் மைதானத்தில் அணிவகுத்த இந்தியச் சிப்பாய்கள் சென்னைப் படையினர். அப்படையில் தமிழரும் தெலுங்கரும் தென்னாட்டு முஸ்லிம்களும் கலந்திருந்தனர். அதுமட்டுமன்று. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாற்றலாகும்போது மனைவி மக்களையும் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்வது சென்னைச் சிப்பாய்களின் வழக்கம். அதனால் படை ஒன்று பெயர்ந்தால் ஒரு கிராமமே பெயரும். சட்டி பானை, அம்மி, ஆட்டுக்கல், கோழிக்கூண்டு ஆகியவற்றோடு வேலூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ மாட்டுவண்டியில் வந்து இறங்கியோரை எண்ணிப் பாருங்கள். மாற்றல் உத்தரவு கையில் வந்தவுடன் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கவலைப்படும் நமது காலனிக் குடும்பங்களுக்கு முன்னோடிகள் அவர்களே. செகந்தராபாத்தின் பழைய பேட்டைகளில் இன்றும் தமிழ் ஒலிப்பதற்கு அவர்களும், அவர்களுக்குப் பண்டம் விற்ற வணிகர்களும் ஒரு காரணம்.

தீன் தயாளின் படங்களில் கண்ணாடித் தகட்டிலேயே ஓர் எண்ணும், ஆங்கிலத்தில் ஒரு தலைப்பும் பொறித்திருப்பதைப் பலவற்றில் காணலாம். முறையான அலுவலகப் பழக்கம். எண் இருப்பதால் நூற்றாண்டு கடந்தும் எது எந்தத் தகடு என்று ஒழுங்குபடுத்த இயலுகிறது. துரையின் பெயர் இருக்கும். மாளிகையின் பெயர் இருக்கும். படைப்பிரிவின் பெயரும் இருக்கும். வரிசையில் நிற்கும் சிப்பாயின் பெயர் இராது. குதிரைக்காரரின் பெயர் இராது. நான் ஒரு பெரிய கண்ணாடி வைத்துக்கொண்டு நூலிலிருந்த அத்தகைய படமொன்றை நெடுநேரம் பார்த்தேன். இடமிருந்து நான்காவதாக நிற்பவரின் நெற்றியும் தாடையும் எங்கள் ஊர்ப் பக்கத்து முகமாகவே எனக்குத் தோன்றின. தோற்றத்தை வைத்து ஒன்றும் நிலைநாட்ட இயலாது என்பதை அறிவேன். பெயர் ஒன்று இருந்திருந்தால், முருகேசன் என்றோ சின்னசாமி என்றோ ஒரு சொல் இருந்திருந்தால், தோற்றத்தை நம்பவேண்டிய தேவையே இராது.

இதில் தீன் தயாளைக் குறைகூற எனக்கு மனமில்லை. படத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் யாரைப் பெயரிடச் சொன்னார்களோ அவர்களைப் பெயரிட்டார். ஆனால் பணம் கொடுத்தவர்கள் கேட்காததையும் அவருடைய தகடு விடாமல் பிடித்துவைத்தது. பிரபுவின் மெத்தை நாற்காலியைத் தெளிவாகக் காட்டும் அதே கூர்மையோடு விசிறி வீசுபவரின் கிழிந்த மேலாடையும் தெரிகிறது. 1899-1900-இல் பெரும் பஞ்சம் வந்தபோது அரசாங்கத்தின் நிவாரணப் பணிகளைக் காட்டும் பொருட்டு அவருடைய நிலையத்தார் எடுத்த படங்களிலும் அவ்வாறே. நிவாரணம் நடைபெறுகிறது என்று காட்டவே அவை எடுக்கப்பட்டன. பார்ப்பவர் கண் போய் நிற்பதோ எலும்பெடுத்த தோள்களின்மீது.

மூன்றாவது வகைப் படங்களைப் பற்றிக் கூறாவிட்டால் நமது சகோதரிகள் என்னை மன்னியார். அந்நாளில் ஐதராபாத்தின் உயர்குடிப் பெண்டிர் கோஷா முறையில் வாழ்ந்தவர்கள். அன்னிய ஆடவர் எதிரில் வாரார். ஆகவே குடும்பப் படமென்றால் தந்தையும் மைந்தருமே இருப்பர். இதற்கு ஒரு வழியாக 1892-இல் தீன் தயாள் ஐதராபாத்தில் பெண்களுக்கென்றே தனியாக ஒரு நிலையம் திறந்தார். திருமதி கென்னி-லெவிக் என்ற ஆங்கில மாது அதனை நடத்தினார். உள்ளே படமெடுப்பவரும் பெண், உதவுபவரும் பெண்கள். மூடுவண்டியில் வந்து இறங்கி, உயர்ந்த மதிலுக்குள் சென்று, அங்கே முகத்திரையை நீக்கிக் காமிராவின்முன் அமரலாம்.

தன் முகத்தை நிலைக்கண்ணாடியில் மட்டுமே கண்டிருந்த ஒரு பெண், முதன்முதலாகத் தாளில் கண்டபோது என்ன நினைத்திருப்பாள்? நூல்களில் இதற்கு விடை தேடவேண்டாம். என் பாட்டியார் தமது எழுபதாம் வயதில் குடும்ப அட்டைக்காக எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "என் அம்மா மாதிரியே இருக்கிறேன்" என்றார். அவருடைய அன்னைக்குப் படமே கிடையாது.

அந்தப் பெண்கள் நிலையத்தில் எடுத்த படங்கள் அரசாங்கத்துக்காக எடுத்தவையல்ல; விற்பனைக்கும் அல்ல. அவை வீட்டுப் பெட்டிக்குள் சென்றன. மகளை மணமுடித்து வேற்றூர் அனுப்பிய தாய் எடுத்துப் பார்க்க, ஊர்விட்டு ஊர் சென்ற கணவன் உடன்கொண்டு போக அவை பயன்பட்டிருக்கும். படை அணிவகுப்பும் அரண்மனையும் எடுத்துப் பட்டம் பெற்ற மனிதர், ஒரு தாயின் பெட்டிக்குள் போகும் படத்துக்காக மதில் கட்டி, ஆள் வைத்துத் தனி நிலையமே நடத்தினார் என்பதை நான் அவருடைய பட்டங்களைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

அவருடைய மைந்தர் ஞான்சந்த், தரம்சந்த் இருவரும் தந்தையின் தொழிலையே மேற்கொண்டனர். நிலையத்தின் கண்ணாடித் தகடுகளில் 2,857 தகடுகளை 1989-இல் டெல்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் பெற்றுப் பாதுகாத்து வருகிறது. 2006-இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது. கைதவறினால் உடையும் கண்ணாடி, நூறாண்டு வெயிலையும் மழையையும் தாங்கி இத்தனை எஞ்சியிருப்பது பெரும் பேறு. எல்லார் வீட்டுப் படங்களுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை என்பதற்கு நானே சாட்சி.

என் பாட்டனார் ஜோலார்பேட்டையிலிருந்து வந்து லல்லாகூடா ரயில்வே பணிமனையில் பிட்டராக வேலை பார்த்தவர். 1968-இல் அவர் ஓய்வுபெற்ற நாளில் பணிமனைத் தோழர்கள் நாற்பத்திரண்டு பேர் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டனர். முன்வரிசையில் அதிகாரிகளும் மேஸ்திரிகளும் நாற்காலியில் இருந்தனர். அவர்கள் பெயர் அட்டையின் அடியில் அச்சாகியிருந்தது. பாட்டனார் அன்றைய விழா நாயகராதலால் மாலையோடு நடுவில் அமரச் சொன்னார்களாம். அவர் கூச்சப்பட்டு வழக்கம்போல மூன்றாம் வரிசையில் தோழர்களோடு போய் நின்றுகொண்டார். மாலை மட்டும் தெரியும். அவருக்கு வேறு படம் கிடையாது.

2020 அக்டோபரில் பெய்த பெருமழையில் எங்கள் குவார்ட்டர்ஸில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. தகரப் பெட்டியில் கிடந்த அந்தப் படம் நனைந்து, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. நிழலில் வைத்துத் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்திருக்க வேண்டும். தெரியாத்தனத்தால், உலர்ந்துவிட்டால் கெட்டுப்போகும் என்று அவசரப்பட்டு நானே கண்ணாடியைப் பிடித்து இழுத்தேன். மூன்றாம் வரிசையும் நான்காம் வரிசையும் தோலுரிந்தாற்போலக் கண்ணாடியோடு வந்துவிட்டன. முன்வரிசை அதிகாரிகளும் அவர்தம் பெயர்களும் ஒரு குறையுமின்றி இருக்கின்றனர். என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடித் துண்டை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றிப் பூஜை அலமாரியில் வைத்துக்கொண்டார்.

படத்தை எடுத்த நிலையத்தைத் தேடிச் சென்றேன். அது மூடிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. பழைய நெகடிவ்களை அதிலுள்ள வெள்ளிக்காக எடைபோட்டு விற்றுவிட்டதாக அடுத்த கடைப் பெரியவர் சொன்னார். ஆயினும் அந்நாளில் இத்தகைய குழுப் படங்களுக்கு ஆளுக்கொரு பிரதி என்று பணம் வசூலித்து எடுப்பதே வழக்கம். ஆகவே நாற்பத்திரண்டு பிரதிகள் இருந்திருக்க வேண்டும்.

சங்கத்து அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். இவ்வாண்டு விழாப் படம் எடுத்து முடித்தவுடன் கலைந்துவிடாமல் அவரவர் வரிசையில் ஓரிரு நிமிடம் நிற்கவும். என் மகள் நோட்டுப் புத்தகத்தோடு வருவாள். இடப்புறமிருந்து தொடங்கித் தலைப்பெழுத்தோடு பெயரைச் சொல்லவேண்டும். எழுத்தைச் சிறிதாக்கி அடுத்த மலரில் இடம் தருவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பரிமாறும் இளைஞர்களும் ஓடிவிட வேண்டாம்.

மற்றொன்று, தந்தையோ பாட்டனாரோ லல்லாகூடா பணிமனையில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு. வீட்டில் 1968-ஆம் ஆண்டுப் பணிமனைப் படம் இருக்கிறதா என்று பரணிலும் பெட்டியிலும் பார்க்கவேண்டும். பின்னால் உயரமான சன்னல்களுள்ள செங்கற் சுவர், வலக்கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, மூன்றாம் வரிசையில் கழுத்தில் மாலையோடு ஒருவர். கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கே வந்து, உங்கள் எதிரிலேயே பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறேன். என் தாயாரையும் உடன் அழைத்து வருவேன்.